ஒரே சி.டி. ஸ்கேனில் நுரையீரலும் இதயமும்: அப்பாவுக்கு எடுக்கலாமா?

மும்பை ஆன்டாப் ஹில்லில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது, ஊர் திருநெல்வேலிப் பக்கம். 22 வயதில் மும்பைக்கு வந்ததும் பீடி பிடிக்கத் தொடங்கியவர், 58 வயது வரை நாளுக்கு ஒரு கட்டு. நான்கு வருடமாக நிறுத்திவிட்டார். சர்க்கரை இல்லை. பிரஷருக்கு மாத்திரை உண்டு. பக்கத்து ஸ்கேன் சென்டரில் 'ஹார்ட் – லங் காம்போ' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். "ஒரே ஸ்கேனில் ரெண்டையும் பார்த்துடலாம்னு சொல்றாங்க. நெசமா? அப்பாவுக்கு எடுக்கலாமா? ரேடியேஷன் ஒண்ணும் பண்ணாதா?" என்பது கேள்வி.

நிஜம்தான் தம்பி. உங்கள் அப்பாவுக்கு எடுக்கலாம், எடுக்கத்தான் சொல்வேன். ஆனால் இரண்டு ஸ்கேனுக்கான காசைக் கொடுக்க வேண்டியதில்லை. நுரையீரலில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கிற குறைந்த கதிர்வீச்சு சி.டி.யிலேயே இதயமும் விழுந்துவிடும். அதைப் பார்த்து எழுதச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஏன் கேட்க வேண்டும், வந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் இந்த ஊரில் 24 வருடமாக சி.டி. படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுகிறவள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் என் சித்தப்பா கதை. மாதுங்கா லேபர் கேம்ப்பில் இருந்தார், அவரும் பீடிதான். விடாத இருமல் என்று ஒரு இடத்தில் நெஞ்சுக்கு சி.டி. எடுத்தார்கள். நுரையீரலில் பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பதினான்கு மாதம் கழித்து விடியற்காலையில் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆன பிறகு சித்தி அந்த ஸ்கேன் டிஸ்க் இருந்த உறையை என்னிடம் கொடுத்தார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் பெரிய ரத்தக்குழாய் நெடுகச் சுண்ணாம்பு (கால்சியம்) படிவு, வெள்ளை வெளேரென்று. ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பொய்யாக எதுவும் எழுதவில்லை. நுரையீரலைப் பார்க்கச் சொன்னார்கள், நுரையீரலைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கியிருப்பார்கள், பிரஷரைக் கவனித்திருப்பார்கள், பீடியை விடச் சொல்லிக் கொஞ்சம் அழுத்தமாகப் பேசியிருப்பார்கள். அதற்குப் பிறகு, யாருடைய நெஞ்சு சி.டி. என் கைக்கு வந்தாலும் இதயத்தைப் பற்றி எழுதாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அந்தப் படிவு எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்று கேட்பீர்கள். சி.டி. கருவி பதிவு செய்கிற சாம்பல் நிறப் படிகள் ஆயிரக்கணக்கில். மனிதக் கண்ணால் அத்தனையையும் ஒரே நேரத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் எதைப் பார்க்கிறோமோ அதற்கேற்ற மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி வைத்துக்கொள்வோம். இதற்கு 'விண்டோ' என்று பெயர். நுரையீரல் விண்டோவில் காற்று நிறைந்த நுரையீரல் கருப்பாக, அதன் மெல்லிய நரம்பு போன்ற குழாய்கள் வரை துல்லியமாகத் தெரியும். நடுவில் இருக்கிற இதயம் வெறும் வெள்ளைக் கட்டி. வெள்ளைக்குள் வெள்ளை எங்கே தெரியும்? விசையைத் தட்டி அடுத்த விண்டோவுக்குப் போனால் நுரையீரல் இருண்டுவிடும். இதயம் சாம்பல் நிறத்தில் எழும். அதைச் சுற்றியுள்ள கொழுப்பு கருஞ்சாம்பலாக, அந்தக் கொழுப்புக்கு நடுவே ஓடுகிற ரத்தக்குழாயின் சுவரில் அரிசிக் குருணை சிந்தினாற்போல வெள்ளைப் பொட்டுகள். அதே படம், அதே நோயாளி, அதே பத்து விநாடி. புதிதாக ஒரு துளி கதிர்வீச்சும் போகவில்லை. பார்க்கிறவர் அந்த விசையைத் தட்டி, கண்டதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். ஊசி மருந்து போடாமல் எடுக்கிற நெஞ்சுப் பகுதி சி.டி. எதுவானாலும் இந்தப் படிவைக் குறிப்பிட வேண்டும் என்று அமெரிக்காவின் இதய சி.டி. சங்கமும் நெஞ்சுக் கதிரியல் சங்கமும் சேர்ந்து 2016-லேயே வழிகாட்டுதல் தந்துவிட்டன. எல்லா இடத்திலும் நடக்கிறதா என்றால் இல்லை. அதனால்தான் கேட்டு வாங்குங்கள் என்கிறேன்.

கதிர்வீச்சுப் பயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஒன்றுக்குச் சுமார் 1.5 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கிற அலகு). வழக்கமான நெஞ்சு சி.டி. என்றால் 7 வரை போகும். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் சும்மா இருந்தே வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 வாங்குகிறோம். 62 வயதில், இத்தனை வருடம் புகைத்தவருக்கு, இந்த 1.5 ஒரு தடையே இல்லை. அதே ஸ்கேனை 30 வயதில் புகைக்காத உங்களுக்கு எடுக்கிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். உங்களுக்கு அதில் லாபம் கிடையாது.

யாருக்கு லாபம் என்பதைக் கணக்காகவே வைத்திருக்கிறார்கள். நாளுக்கு 20 சிகரெட் வீதம் ஒரு வருடம் புகைத்தால் அது ஒரு 'பேக் இயர்'. 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, 20 பேக் இயர் புகைத்து, இன்னும் புகைக்கிறவர் அல்லது விட்டு 15 வருடத்துக்குள் ஆனவர் வருடம் ஒருமுறை இந்த ஸ்கேன் எடுக்கலாம் என்பது அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-ல் சொன்னது. நம் நாட்டில் அரசு நடத்துகிற நுரையீரல் புற்றுநோய் ஸ்கிரீனிங் (தொந்தரவு தெரியும் முன்பே தேடிப் பார்ப்பது) திட்டம் கிடையாது. வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும்தான் உண்டு. ஆகவே அவரவர் டாக்டர் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்.

பீடியை எப்படிக் கணக்கிடுவது? இந்த அமெரிக்கக் கணக்கு சிகரெட்டை வைத்துப் போட்டது. பீடியில் புகையிலை குறைவு, சிகரெட்டில் இருப்பதில் கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். அதை வைத்து "பீடிதானே" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இலை சுற்றிய பீடி சீக்கிரம் அணைந்துவிடும், அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். தாரும் கார்பன் மோனாக்ஸைடும் உள்ளே போவதில் அது சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை. இந்திய டாக்டர்கள் பலரும் எளிதாக ஒரு கணக்குப் போடுவோம்: நாளுக்கு எத்தனை, அதைப் பெருக்கு எத்தனை வருடம். 300-ஐத் தாண்டினால் கடுமையாகப் புகைத்தவர். உங்கள் அப்பாவுக்குக் கட்டுக்கு 20 என்று வைத்தாலும் 36 வருடத்துக்கு 720. ஒரு பீடிக்கு ஒரு சிகரெட் என்றால் 36 பேக் இயர். தாராளமாகப் பாதியாகக் குறைத்தாலும் 18, எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சித்தப்பா மாதிரி, முக்கூடல் பக்கம் அம்மாவும் அக்காவும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குப் பீடி ஒரு கெட்ட பழக்கமாகவே தோன்றியிருக்காது. அவர்களைத் திட்டாமல் கணக்கை மட்டும் கேளுங்கள்.

இங்கே இன்னொன்று. குட்கா, வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் வாயைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

ஸ்கிரீனிங் என்பது தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு மட்டும். அப்பாவுக்குச் சளியில் ரத்தம் வருகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, மாடி ஏறினால் நெஞ்சு அழுத்துகிறது என்றால் காம்போ போர்டைப் பார்க்க வேண்டாம். நேராக டாக்டரிடம் போங்கள். அவருக்கு வேறு பரிசோதனை, வேறு விதமான ஸ்கேன். நெஞ்சு வலிக்கும்போது இந்த ஸ்கேனுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருப்பது ஆபத்து.

நுரையீரல் பக்கம் என்ன கிடைக்கும் என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவில் 53 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி.யும் இன்னொரு பாதிக்குச் சாதாரண எக்ஸ்-ரேயும் வருடம் ஒருமுறை, மூன்று தடவை எடுத்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைவு. நெதர்லாந்து, பெல்ஜியத்தில் நடந்த நெல்சன் ஆய்வு 2020-ல் ஆண்களிடம் 24 சதவீதம் குறைவு என்றது. சின்ன எண் என்று நினைக்காதீர்கள். நுரையீரல் புற்றுநோய் இருமலாக வெளியே தெரிகிறபோது பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு நேரம் கடந்துவிட்டிருக்கும். பரேலில் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே அமெரிக்க ஆய்வின் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஏறக்குறைய நான்கில் ஒரு ஸ்கேனில் 'ஏதோ இருக்கிறது' என்று வந்தது. அப்படி வந்தவற்றில் 100-க்கு 96 புற்றுநோய் இல்லை. நம் ஊரில் அந்த 'ஏதோ' இன்னும் அதிகமாக வரும். காரணம் டி.பி. உலகத்தின் டி.பி. நோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில். மும்பையில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து வாழ்ந்தவர்களின் நுரையீரலில் எப்போதோ வந்து, தானே ஆறிய டி.பி. வடு இருப்பது சர்வ சாதாரணம். பலருக்குத் தனக்கு அது வந்ததே தெரியாது. சி.டி.யில் அது ஒரு சின்ன முடிச்சாகத் தெரியும். நடுவில் அல்லது முழுக்கச் சுண்ணாம்பு ஏறியிருந்தால் எங்களுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும், பழைய வடு என்று எழுதி முடித்துவிடுவோம். சுண்ணாம்பு ஏறாத முடிச்சுதான் தலைவலி.

இதற்கு மருந்து உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். போன வருடம் தாராவியில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். வலது மேல் நுரையீரலில் 9 மி.மீ. முடிச்சு. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்று ஏற்கனவே பேசிவிட்டார்கள். "பழைய எக்ஸ்-ரே ஏதாவது இருக்காப்பா?" என்று கேட்டேன். அவர் மருமகள் மறுநாள் ஒரு மஞ்சள் துணிப்பையில் கொண்டுவந்தாள். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது பிடித்த படம், 1998. மழைக்கால ஈரத்தில் உறையோடு ஒட்டியிருந்ததை மெல்லப் பிரித்து விளக்குப் பெட்டியில் மாட்டினோம். அதே இடம், அதே பொட்டு. கெட்டியான முடிச்சு இரண்டு வருடம் மாறாமல் இருந்தாலே நாங்கள் நிம்மதியாக மூச்சு விடுவோம். இது கால் நூற்றாண்டு. ஊசி தேவைப்படவில்லை. அந்த மருமகளுக்கு நான் கைகொடுத்தேன். ஆகவே தம்பி, அப்பாவின் பழைய படங்கள், வேலையில் சேரும்போது எடுத்தது, ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது, எதுவானாலும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். படத்துக்கும் படத்துக்கும் நடுவே வெள்ளைத்தாள் வைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

ரிப்போர்ட்டில் முடிச்சின் அளவு இருக்கும். முதல் ஸ்கேனில் கெட்டியான முடிச்சு 6 மி.மீ.க்குக் கீழே என்றால் அடுத்த வருடம் வாருங்கள் என்பதுதான் வழக்கம். 6-லிருந்து 8-க்குள் என்றால் ஆறு மாதத்தில். 8-க்கு மேல் 15-க்குள் என்றால் மூன்று மாதத்தில் அல்லது பெட் (PET) ஸ்கேன், அது முடிச்சின் செல்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று காட்டுகிற வேறு ஸ்கேன். அதற்கு மேல் என்றால் உடனே கவனிக்க வேண்டியது. முடிச்சு எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்கிற 'லங்-ராட்ஸ்' என்ற ஒரு எண்ணும் போட்டிருப்பார்கள். 1, 2 வந்தால் வருடம் ஒருமுறை போதும். 3 வந்தால் ஆறு மாதம். 4 வந்தால்தான் இன்னும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால் "டாக்டர் அலட்சியமா இருக்கார்" என்று வேறு இடத்துக்கு ஓடாதீர்கள். முடிச்சு வளர்கிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனை. வளராத முடிச்சை ஊசியால் குத்தி நுரையீரலில் காற்றுக் கசிய விடுவதற்குக் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

இப்போது இதயம். உங்கள் அப்பா மாதிரி ஒருவருக்கு என் அனுபவத்தில் நுரையீரலில் புற்றுநோய் கிடைப்பதைவிட இதயக் குழாயில் படிவு கிடைப்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்க ஆய்விலேயே, நுரையீரல் புற்றுநோய்க்காகத் தேர்ந்தெடுத்த அந்தக் கூட்டத்திலேயே, இதய – ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. புகை இரண்டையும் சேர்த்தே கெடுக்கிறது. ஒரு வீட்டுக்குள் திருடன் வந்தான் என்று தெரிந்த பிறகு ஒரு அறையை மட்டும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவோமா?

இந்தப் படிவை அளக்கிற முறையை ஆர்தர் அகாட்ஸ்டன் என்ற அமெரிக்க இதய மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1990-ல் வெளியிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட அடர்த்திக்கு மேல் வெள்ளையாகத் தெரிகிற ஒவ்வொரு பொட்டின் பரப்பையும் எடுத்து, அடர்த்திக்கு ஏற்ப ஒன்றிலிருந்து நான்கு வரை பெருக்கிக் கூட்டினால் வருவது கால்சியம் ஸ்கோர். பூஜ்யம் என்றால் படிவு தெரியவில்லை. 1 முதல் 99 வரை லேசானது. 100-ஐத் தாண்டினால் கவனம். 300, 400-க்கு மேல் கடுமை. சரியான எண் வேண்டுமென்றால் இ.சி.ஜி. ஒயரை மாட்டி, இதயம் இரண்டு துடிப்புக்கு நடுவே ஓய்கிற நேரத்தில் படம் பிடிக்க வேண்டும். நுரையீரல் ஸ்கேனில் அந்த ஒயர் கிடையாது. இதயம் துடித்துக்கொண்டே இருப்பதால் பொட்டின் ஓரம் கொஞ்சம் கலங்கும், மிகச் சின்னப் பொட்டு தப்பிப் போகலாம். ஆனாலும் 'இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை' என்று கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு அது தாராளமாகப் போதும். இ.சி.ஜி. ஒயரோடு எடுத்த ஸ்கோரோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒத்தே போகிறது. காம்போ என்கிற இடங்களில் நுரையீரலுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒயர் மாட்டி இன்னொன்று என்று அடுத்தடுத்து எடுப்பார்கள். அந்த இரண்டாவது ஸ்கேனுக்கு இன்னும் சுமார் 1 மில்லிசீவர்ட். உங்கள் அப்பாவுக்கு முதலில் ஒன்று போதும். படிவு லேசா நடுத்தரமா என்று சந்தேகம் வந்து, மாத்திரை தொடங்குவதா வேண்டாமா என்பது அந்த எண்ணைப் பொறுத்து இருந்தால் மட்டும் இரண்டாவதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பூஜ்யம் வந்தால் கொண்டாடிவிட வேண்டாம். இது நிறையப் பேருக்குச் சொல்லப்படாத விஷயம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பூஜ்யம் வந்தவருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தள்ளிப்போடலாம் என்று 2018-ன் அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் மூன்று பேரை விலக்கி வைத்திருக்கிறது: சர்க்கரை உள்ளவர், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருப்பவர், புகைக்கிறவர். படிவு கெட்டியாகச் சுண்ணாம்பு ஏறினால்தான் இந்தப் படத்தில் தெரியும். மெத்தென்ற கொழுப்புப் படிவு இதில் தெரியாது, வெடித்து அடைத்துக்கொள்வதும் பல சமயம் அதுதான். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, இனிமே ஒரு நாளைக்கு ரெண்டு பீடி பரவாயில்ல" என்று ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். அவர் மனைவியின் முகம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. அப்பா பீடியை விட்டு நான்கு வருடம் ஆகிறது என்றீர்கள். எந்த ஸ்கேனைவிடவும் அவர் தனக்குச் செய்துகொண்ட பெரிய நல்லது அது. இதை அவரிடம் என் சார்பில் சொல்லுங்கள். இன்னும் விடாத உறவினர் யாராவது இருந்தால் 1800-11-2356 என்ற அரசு இலவச எண்ணைக் கொடுங்கள். புகையிலையை விட உதவுவதற்கென்றே இருப்பது.

படிவு இருக்கிறது என்று வந்தால்? இங்கேதான் நம் ஊரில் தப்பு நடக்கிறது. ஸ்கோர் 350 என்று பார்த்ததும் பயந்து, அடுத்த வாரமே ஆஞ்சியோ, அப்படியே ஸ்டென்ட். கால்சியம் ஸ்கோர் குழாய் எத்தனை சதவீதம் அடைத்திருக்கிறது என்று சொல்வதில்லை. குழாயின் சுவரில் நோய் எவ்வளவு நாளாக, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்றுதான் சொல்கிறது. நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் எதுவும் இல்லாதவருக்கு முதல் வேலை மருந்து: ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை, பிரஷரை நன்றாகக் கட்டுக்குள் வைப்பது, நடை. இதயத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்திருப்பது பரிசோதனையில் உறுதியான, ஆனால் நிலைமை சீராக இருந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020-ல் வந்தது. மருந்தோடு நின்றவர்களைவிட, உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட்டோ பைபாஸோ வைத்துக்கொண்டவர்கள் அதிக நாள் வாழ்ந்துவிடவில்லை. ஆகவே பதறாதீர்கள். ஒரு நல்ல பொதுமருத்துவர் அல்லது இதய டாக்டர் ரிப்போர்ட்டையும் அப்பாவையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்லட்டும். ஆஸ்பிரினை நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தொடங்க வேண்டாம், ரத்தக்கசிவு அபாயம் உண்டு.

இதைக் கேட்ட பெரியவர்கள் அனேகமாக எல்லோரும் என்னிடம் ஒரே சந்தேகத்தோடு வருவார்கள். "கால்சியம் படிஞ்சிருக்குன்னா, பாலையும் கேழ்வரகையும் நிறுத்திடவா? வெத்தலைக்குப் போட்ட சுண்ணாம்பாம்மா இது?" இல்லை. புண்ணான சுவரை உடம்பு தானே பூசி அடைக்கப் பார்க்கிறது, அந்தப் பூச்சுதான் இது. கூழைக் குடியுங்கள், பாலைக் குடியுங்கள். உப்பையும் வறுத்த பண்டத்தையும் குறையுங்கள். இன்னொரு ஏமாற்றமும் வரும்: ஒரு வருடம் ஸ்டாட்டின் சாப்பிட்ட பிறகு ஸ்கோர் கூடியிருக்கலாம். மருந்து மெத்தென்ற படிவைக் கெட்டிப்படுத்துவதால் அப்படி ஆகும், அது நல்லதுக்குத்தான். மாத்திரை சாப்பிடத் தொடங்கியவர் ஸ்கோர் குறைந்ததா என்று வருடா வருடம் எடுப்பது வீண்.

இந்த இரண்டு ஸ்கிரீனிங்குக்கும் ஆதாரம் ஒரே அளவு இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. நுரையீரல் ஸ்கேன் சாவைக் குறைக்கிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. கால்சியம் ஸ்கோர் யாருக்கு ஆபத்து அதிகம் என்று நன்றாகக் காட்டுகிறது, ஆனால் அதற்காகவே எல்லோரையும் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்தால் சாவு குறையுமா என்பது இன்னும் அவ்வளவு உறுதியாகவில்லை. டென்மார்க்கில் 65 முதல் 74 வயது ஆண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், இந்த ஸ்கேனோடு இதயப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் ஐந்து வருடத்தில் மொத்தச் சாவு சற்றுக் குறைந்தது போலத் தெரிந்தாலும், தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. 2022-ல் வந்தது அது. அதனால்தான் புகைக்காத, ஆரோக்கியமான எல்லோரையும் காம்போவுக்குப் போகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் நுரையீரலுக்காக ஏற்கனவே எடுத்தாகிற படத்தில் இதயம் இருக்கும்போது, அதைப் படிக்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சென்டருக்கு போன் செய்யும்போது இப்படிக் கேளுங்கள். குறைந்த கதிர்வீச்சு முறையிலா எடுக்கிறீர்கள், நெஞ்சுக்கான வழக்கமான முறையிலா? ஊசி மருந்து எதுவும் வேண்டாம்தானே? இந்த ஸ்கேனுக்கு மருந்து தேவையே இல்லை, "போட்டா நல்லாத் தெரியும்" என்றால் அது வேறு ஸ்கேன். ரிப்போர்ட்டில் நுரையீரல் முடிச்சுக்கு லங்-ராட்ஸ் எண்ணும், இதயக் குழாய்ப் படிவு எந்த அளவு என்று ஒரு வரியும் இருக்குமா? படங்களை டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ தருவீர்களா? காகிதப் பிரின்ட் மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள், அடுத்த வருடம் ஒப்பிட அசல் படம் வேண்டும். டாக்டர் சீட்டு வாங்கும்போதே 'இதயக் குழாய்ப் படிவையும் குறிப்பிடவும்' என்று அதில் எழுதித் தரச் சொன்னால் இன்னும் நல்லது. பத்து வார்த்தை எழுத டாக்டருக்கு நேரம் ஆகாது.

அப்பாவுக்குப் பட்டினி வேண்டாம். காலை இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம், பிரஷர் மாத்திரையையும் போட்டுக்கொள்ளட்டும். சளி, காய்ச்சல் இருந்தால் ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் அந்தச் சளியே முடிச்சு மாதிரி படத்தில் விழும். உள்ளே மெத்தையில் மல்லாந்து படுத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ள வேண்டும். வளையம் திறந்த வளையம், குகை இல்லை, மூச்சு முட்டாது. கருவியே பதிவு செய்த குரலில் மூச்சை இழுக்கச் சொல்லும், பிறகு பிடிக்கச் சொல்லும். மும்பையில் அது பெரும்பாலும் இந்தியில் அல்லது ஆங்கிலத்தில். இத்தனை வருடம் இங்கே இருந்த அப்பாவுக்கு இந்தி சிக்கல் இல்லை. ஆனால் பதற்றத்தில் எந்த மொழியும் காதில் ஏறாது. தாராவியில் இருந்து வந்த ஒரு ஆச்சி, "சாஸ் ரோக்கியே" (மூச்சைப் பிடியுங்கள்) என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய் அவர் கையைப் பிடித்து, "ஆச்சி, கெணத்துல முங்குறதுக்கு முன்னால மூச்சப் பிடிப்பீங்கள்ல, அப்படிப் பிடிங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை உப்பி, அசையாமல் கிடந்தார். அத்தனை தெளிவான படம் அன்று வேறு யாருக்கும் விழவில்லை. அப்பாவை முந்தின நாள் இரவு வீட்டில் படுக்க வைத்து, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்துப் பழகச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு புரியாத வரி ஏதாவது இருந்தால், பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் இங்கே எழுதுங்கள் தம்பி. என்ன அர்த்தம் என்று சொல்கிறேன்.